குடையில் ஏறிய நத்தை

கிரிவலப் பாதையில் மழை விட்டிருக்கிறது. என் குடையில் ஒட்டியிருக்கும் நத்தையை இளநீர் விற்கிற அம்மாதான் முதலில் பார்க்கிறார்.

"எங்க ஏறுச்சுண்ணா?"

பின்னால், நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காட்டுகிறேன்.

"ஆராய்ச்சிக்காரங்க சொன்னாங்க, இந்த ஜாதி அந்தப் பாறைப் பக்கம் மட்டும்தான் இருக்குதாம். இங்க விட்டா ஜோடியே கிடைக்காது."

கல்யாணமாகாதவன் நான். உடனே திரும்பி நடக்கிறேன்.

"ஐயே, கிரிவலத்துல எதிர்ல நடக்கக் கூடாதுங்க! சுத்திதான் போகணும்."

பாறை நூறடி தூரம். சுற்றினால் பதினான்கு கிலோமீட்டர். மறுத்துப் பேசக் கூச்சம். குடையை ஏந்திக்கொண்டு மலையை மறுபடி சுற்றுகிறேன். பாறையில் நத்தையை இறக்குகிறேன். அங்கே இன்னொன்று ஊர்ந்துகொண்டிருக்கிறது. மனம் நிறைந்து அம்மாவிடம் வருகிறேன்.

"சேர்த்துட்டீங்களா? சரி, குடை எங்கண்ணா?"

பாறை மேல் கறுப்பாகத் தெரிகிறது. அவர் ஓர் இளநீரை வெட்டி நீட்டுகிறார்.

"குடிச்சுட்டுக் கிளம்புங்க."