பொம்மைகளின் கண்மேல் ஒட்டிய டேப்

சித்தூரில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டின் பரணில் ஒரு சாக்குமூட்டை கிடந்தது. அவிழ்த்தால் ஆறு பஞ்சு பொம்மைகள். ஒரு கரடி, ஒரு முயல், ஒரு யானை, மூன்று நாய்கள். அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் பழுப்பு டேப்பை, ஆறு பொம்மைகளின் கண்களையும் மூடித் தலையைச் சுற்றி யாரோ இறுக்கமாக ஒட்டியிருந்தார்கள்.

"இதுங்களுக்குக் கண்ணு வலியாம்மா?" என்றாள் என் ஐந்து வயது மகள்.

"யாரோ வெளையாடிக்கினு இருந்திருப்பாங்க. எடுத்துத் தர்றேன் இரு."

பசை எடுப்பது எனக்குப் பழக்கமான வேலை. மாம்பழக்கூழ் தொழிற்சாலையில், டின்னில் கோணலாகிப்போன லேபிள்களை உரிக்கிற பகுதியில்தான் இருக்கிறேன். டேப் சுலபமாக வந்துவிட்டது. பசை வரவில்லை. வெயிலில் உருகி, மயிரோடு மயிராகக் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. ஐஸ்கட்டியை வைத்து இறுக வைத்தேன், விரலால் நொறுக்கினேன். மிச்சத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் மயிர் போகிற பக்கமாகவே தேய்த்தேன். கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். ஆறும் முடிய மூன்று நாள் ஆயிற்று.

மொட்டைமாடியில் வரிசையாகக் காயவைத்துவிட்டுக் கீழே வந்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் ஓடிவந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எல்லாம் அழுதுகினு இருக்குதும்மா."

போய்ப் பார்த்தேன். கண்ணுக்குப் பின்னால் இறங்கியிருந்த எண்ணெய், சூட்டில் கசிந்து கன்னங்களில் கோடாக வழிந்துகொண்டிருந்தது. காரணம் தெரிந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. உச்சி வெயிலில், ஆளில்லாத மாடியில், பன்னிரண்டு கண்கள் என்னையே பார்த்தன. மகள் அதன்பிறகு அவற்றைத் தொடவில்லை.

வீட்டுக்காரரிடம் முன்பு குடியிருந்த பெண்ணின் எண்ணை வாங்கிப் பேசினேன். இப்போது திருப்பதியில் இருப்பதாகச் சொன்னாள். பொம்மைகள் என்றதும் அவசரமாகக் கேட்டாள்:

"கண்ணைத் தொறந்துட்டீங்களாக்கா?"

"ஏம்மா, யாரு கட்டினது?"

"எம் பொண்ணுதான். அவ நைனா என்னை அடிக்கும்போது இதுங்க பார்த்தா பயந்துக்கும்னு, ஒவ்வொண்ணா ஒட்டுச்சு. அப்போ ஏழு வயசு. ஒரு நாளு கட்டின துணியோட கெளம்பிட்டோம். எதையும் எடுத்துக்கல."

அந்தச் சனிக்கிழமை மூட்டையோடு திருப்பதி பஸ் ஏறினேன். ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறை. அவள் லாட்ஜ் ஒன்றில் படுக்கை விரிப்புத் துவைக்கிறாள். அவள் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அந்தச் சிறுமி பொம்மைகளை மடியில் அடுக்கி, ஒவ்வொன்றின் கண்ணையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பிறகு தலைநிமிர்ந்து என்னைக் கேட்டாள்:

"ஆன்ட்டி, டேப் வெச்சிருக்கீங்களா?"

"எதுக்கும்மா?"

"நாளைக்கு நைனா வருவாரு."

தாய் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைத் தனியாகச் சமையல் மூலைக்கு இழுத்துப் போனாள்.

"அக்கா, அந்தாளு நேத்து நான் வேலைல இருக்கச்சொல்லோ போன் பண்ணான், ஞாயித்துக்கெழமை வர்றேன்னு. நான் யார்கிட்டயும் சொல்லல. சாமி சத்தியமா இவகிட்ட சொல்லல."

"இன்னிக்கே கெளம்பு" என்றேன். வடமாலபேட்டையில் அண்ணன் இருப்பதாகச் சொன்னாள். நானே அவரிடம் போனில் பேசினேன். சாயங்காலம் வண்டியோடு வந்து இருவரையும் பொம்மைகளோடு அழைத்துப்போனார்.

மறுநாள் அவள் புருஷன் வந்திருக்கிறான். கதவை உடைக்கிற மாதிரி மதியம் வரை தட்டினான் என்று கீழ்வீட்டுக்காரி சொன்னாளாம். அண்ணன் அதற்குப் பிறகு தங்கையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். அவள் அந்த அறைக்குத் திரும்பவில்லை. இப்போது அண்ணன் வீட்டுப் பக்கத்திலேயே தையல் வேலைக்குப் போகிறாள்.

சில மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது, அந்தச் சிறுமியிடம் கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு நைனா வருவாருன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பது போல.

"அம்மா பாத்திரத்தைச் சத்தமே இல்லாம கழுவிக்கினு இருந்துச்சு ஆன்ட்டி. நைனா வர்றதுக்கு மொத நாளு எப்பவும் அப்படித்தான் கழுவும்."