டேங்க் மூடியில் ஒட்டிய நீலத்தாள்

வெயிலில் சுடுகிற டீசல் வாசமும், மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் புளித்த வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்குப் பத்து வயதாகிவிடும். நாரணாபுரத்துக்கு மேற்கே ஒரு மிளகாய்த் தோட்டத்தில், கிணற்று மேட்டிலிருந்த பழைய ஆயில் என்ஜினை ஓட்டுவதுதான் எங்கய்யாவின் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்த நான், அந்த என்ஜின் கொட்டகை நிழலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவேன். பேர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வதால் ஊரில் எனக்கு "ஊமைக்கோட்டான்" என்று பட்டம்.

எண்ணெய் டேங்க் மூடியில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. "எண்ணெயில தூசி விழுந்தா என்ஜினுக்குக் கேடு" என்று எங்கய்யா சொல்லிக்கொண்டே இருப்பார். பங்குனிக் காற்று கரிசல் தூசியை வாரி இறைத்த ஒருநாள், மூடியைப் பாவாடை நுனியால் துடைத்துவிட்டு, பெட்டி ஒட்டும் நீலத்தாளில் ஒரு துண்டு கிழித்து, பசை தடவி, அந்த ஓட்டையை அடைத்துவிட்டேன். பெட்டி ஒட்டுகிற கை வேறு என்ன செய்யும்?

மறுநாளிலிருந்து என்ஜினுக்குப் "பீடை" பிடித்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் கிளம்பும், கொஞ்ச நேரம் ஓடும், திக்கித் திணறி நின்றுவிடும். எங்கய்யா பில்டரைக் கழற்றிக் கழுவினார். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று நட்டைத் தளர்த்திக் காற்றை எடுத்தார். அப்போதும் அதே கதைதான். மூன்றாம் நாள் மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப்போட, தோட்டக்காரர் வந்து நின்றார்.

"பாதி எண்ணெய வித்துப்புட்டுத் தண்ணியக் கலந்துட்டியாலே?"

"எம் பிள்ளை மேல சத்தியமா இல்ல, மொதலாளி."

அந்தப் பிள்ளை நான்தான்.

விருதுநகரிலிருந்து மெக்கானிக் ராவுத்தர் வந்தார். மூடியைத் திறந்து, எண்ணெயைத் தொட்டு மோந்து, "எண்ணெய் சுத்தம்" என்றார். "பெறகு எப்படி நிக்கும்?" என்று தோட்டக்காரர் விடவில்லை. மூடி ராவுத்தர் கையில் இருந்தவரை என்ஜின் நன்றாக ஓடியது. மூடிவிட்டு வெளியே போய் அவர் இரண்டு பீடி குடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. தாளின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்ததால் யார் கண்ணிலும் அது படவில்லை.

"உள்வேலை. கழட்டி வண்டியில ஏத்துங்க. பத்து நாளாகும்," என்றார் ராவுத்தர்.

பத்து நாளில் செடி கருகிவிடும். எங்கய்யாவுக்குத் திருடன் என்ற பேரும் நிலைத்துவிடும். அப்போதுதான் எனக்குக் கடலை எண்ணெய் டின் ஞாபகம் வந்தது. டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தால் நாலு சொட்டு விழுந்து நின்றுவிடும்; எதிரே இன்னோர் ஓட்டை போட்டுக் காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் ஒழுகும். டேங்க் மூடியில் நான் அடைத்ததும் காற்று போகிற ஓட்டைதான்.

"ஓட்டைய நாந்தான் அடைச்சேன்" என்றேன். ஆண்கள் போட்ட சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை, அழுகையோடு, கத்தியே சொன்னேன். எல்லாரும் திரும்பினார்கள். என்ஜின் இருந்த திண்டில் ஏறி, நகத்தால் அந்தத் தாளைச் சுரண்டி எடுத்தேன்.

ராவுத்தர் ஹேண்டிலைச் சுற்றினார். இரண்டு பீடி முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. என்ஜின் நிற்கவில்லை.

"நாப்பது வருசமா இரும்போட மல்லுக்கட்டுறேன். மூக்கப் பொத்துனா மூச்சு ஓடாதுன்னு இந்தப் பிள்ளைல்ல எனக்குச் சொல்லுது!" என்று சிரித்தார். தோட்டக்காரர் எல்லார் முன்னாலும் எங்கய்யாவிடம், "கோவத்துல பேசிட்டேம்ப்பா, மனசுல வச்சுக்காத" என்றார்.

அடி விழும் என்று நான் முதுகைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். எங்கய்யா மூடியை என் கையில் வைத்தார். "இனி இது உம் பொறுப்பு தாயி. நீ ஊதிப் பாத்துச் சொன்னாத்தான் நான் ஹேண்டில் போடுவேன்."

அப்படியே நடந்தது. தினமும் காலையில் நான் மூடியை ஊதி, "போகுதுய்யா" என்று உரக்கச் சொல்வேன். அதன் பிறகே தண்ணீர் பாயும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷமாகிவிட்டது. அந்தத் தோட்டம் இப்போது பட்டாசுக் கம்பெனி. கிணறு முள்வேலிக்குள் கிடக்கிறது. பெட்டி ஒட்டுவது மிஷினுக்குப் போய்விட்டது, என்ஜின் பழைய இரும்புக்குப் போய்விட்டது, எங்கய்யாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இன்றைக்கும் நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவள்தான். ஆனாலும் பேசியே ஆக வேண்டும் என்று வருகிறபோது, உதட்டில் அந்த டீசல் கசப்பு தட்டும். அடிக்க ஓங்க வேண்டிய கையால் மூடியை எடுத்துக் கொடுத்தாரே, அந்த மனுசரை நினைத்துக்கொண்டு பேசிவிடுவேன்.