ஆளுக்கு இரண்டு நல்ல டயர்

இராஜம்மா ஸ்பேனரின் பிடிமேல் ஏறி நின்றாள். சக்கரத்து நட்டு கடக்கென்று இளகியது. முதுகு கெட்டுப்போனதிலிருந்து முருகையாவால் நட்டை அசைக்க முடிவதில்லை. அந்த வேலை மனைவியிடம் வந்து சேர்ந்திருந்தது.

"சோறு போட்டது வீண் போகல," என்றார் அவர்.

"யாரு யாருக்குப் போட்டது?" என்றபடி அடுத்த நட்டுக்கு நகர்ந்தாள்.

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருடம் லோரி ஓட்டியவர் முருகையா. முதுகுவலி வந்தபின் பழைய டட்சன் ஒன்றை வாங்கி, தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளைத் தஞ்சோங் காராங் பள்ளிக்கு ஏற்றிப் போனார். மகன் சேதுவிடமும் அதே ரகக் கார்தான்; டயர்கள் மட்டும் புதியவை. அவன் ரவாங் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போனான். அவனுடைய கார் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சந்தைக்கும்தான். அதனால் ஐப்பசி மழை தொடங்கியதும் இரண்டு கார்களின் சக்கரங்களையும் மாற்றிக்கொள்வார்கள். மழை விட்டதும் அவரவருடையது அவரவருக்கு.

எண்பத்தாறில் கம்பெனி பஸ் நின்றுபோனது. சேது தினமும் காரில் போகவேண்டியதாயிற்று. மருமகள் ரமணிக்கு அப்போது ஆறு மாதம்.

முருகையா இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பங்கு பிரித்தார். ஆளுக்கு இரண்டு நல்ல டயர், இரண்டு மொட்டை டயர். இரண்டு கார்களிலும் நல்லதை முன்னால் போட்டார். திரும்புவது முன்சக்கரம்தானே என்பது லோரி ஓட்டிய காலத்து நினைப்பு. லோரியின் பின்சக்கரத்தை எப்போதும் பாரம் அழுத்திப் பிடித்திருந்தது. டட்சனின் பின்னால் இருந்தவர்கள் பிள்ளைகள்.

மூன்றாம் நாள் காலை மழையில், வாய்க்கால் ஓரத்து வளைவில் முன்பக்கம் சொன்னபடி திரும்பியது. பின்பக்கம் தன் போக்கில் போனது. கார் ஒரு சுற்றுச் சுற்றி, வாய்க்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஏழு பிள்ளைகளுக்கும் ஒரு கீறல் இல்லை. "தாத்தா, இன்னொரு தடவ," என்றது ஒன்று. முருகையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை, ஹாலில் எல்லோரும் இருக்கும்போது நடந்ததைச் சொன்னார்.

"நாலும் எனக்கு வேணும், தம்பி. பரீட்ச முடியிற வரைக்கும். மூணு வாரம்."

"அப்ப நாலு மொட்டையும் எனக்கா?" என்றான் சேது. "பெரிய ரோட்டுல லோரிக்கு நடுவுல போறேன்பா. எனக்கும் ஒரு புள்ள வரப்போவுதுலா."

"நல்லத பின்னால மாத்திப் போட்டா?" என்றாள் இராஜம்மா.

"முன்னால மொட்டையா இருந்தா பிரேக் புடிக்காது," என்றார் முருகையா.

"புதுசு ரெண்டு வாங்கிடுங்களேன்."

"தீபாவளி போனஸ் வரட்டும்மா," என்றான் சேது.

ரமணி மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள்.

"மாமா, காலையில நடந்தத அந்தப் புள்ளைங்க வீட்டுல சொன்னீங்களா?"

குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிள்ளைகளை ஏற்றிவிடும் தாய்மார்களில் ஒருத்தி நல்லம்மாள். ரப்பர்ப் பாலுக்குப் பால்மரம் வெட்டக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு பிள்ளைகளை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவாள். நாளைக் காலையும் அப்படித்தான் போவாள்.

முருகையா மருமகளைப் பார்த்தார். நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, லயத்துக்குப் போகும் முன்வாசலை விட்டுவிட்டு, சமையலறை வழியாகப் பின்பக்கம் போனார்.