பதினெட்டு மீட்டருக்குக் கீழே கேட்ட தட்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறவன் நான். எங்கள் வீட்டிலேயே பள்ளிக்கூடம் போன முதல் ஆள், நானே இப்படி எழுதலாமா என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

பாண்டியில் ஸ்கூபா டைவிங் வழிகாட்டியாக இருக்கிறேன். அன்று காலை என்னோடு இறங்கியவர் ழோசேப் சார், பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்த நம்ம பாண்டி கதிர்காமத்துக்காரர். அவருடைய டைவிங் சான்றிதழுக்குப் பதினெட்டு மீட்டர் ஆழம்தான் எல்லை. அதைத் தாண்ட விடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

"தாண்டுனா போலீஸ் புடிக்குமா தம்பி?" என்று படகில் சிரித்தார்.

"நான் புடிப்பேன் சார். சிலிண்டர்ல இப்படித் தட்டுனா உடனே எங்கிட்ட வந்துடணும்" என்று இரும்புக் கம்பியால் மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு தட்டிக் காட்டினேன். அது நானாக வைத்துக்கொண்ட தட்டு.

பதினெட்டு மீட்டரை நெருங்கிய ஆழத்தில் ஒரு பாறை விளிம்பை ஒட்டி நீந்திக்கொண்டிருந்தோம். அதே தட்டு கேட்டது. என் கம்பியோ இடுப்பில் செருகியபடி இருந்தது. தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, படித்திருக்கிறேன், நம்பினால் நம்புங்கள், அன்று கீழேயிருந்துதான் வந்தது. ழோசேப் சார் சட்டென்று தலைகுப்புற இருட்டுக்குள் இறங்கினார். திரும்ப அழைக்க நானும் தட்டினேன், முடிப்பதற்குள் கீழேயிருந்து மறுபடி அதே தட்டு, அவர் இன்னும் வேகமாக இறங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மனிதர் சொன்னபடிதான் செய்கிறார், என்னிடம்தான் போகிறார்.

துரத்திப்போய்க் காலைப் பிடித்தேன். உதைத்தார். விடாமல் இழுத்துக்கொண்டு ஏறினேன். நேராக மேலே ஓடிவிடவும் முடியாது, ஆழத்திலிருந்து வருகிறவர்கள் ஐந்து மீட்டரில் சற்று நேரம் நின்றே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உடம்புக்கு ஆபத்து. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தத் தட்டு ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. நான் கீழே பார்க்கவில்லை.

படகில் ஏறியும் சார் ஏணியை விடவில்லை. "கெளப்பாதீங்க, தம்பி இன்னும் கீழ இருக்காரு."

"எறங்குனது ரெண்டு பேரு, ஏறுனது ரெண்டு பேரு. தம்பி உங்க எதுர்லதான சார் நிக்கிறாரு" என்றார் படகோட்டும் சேகர் அண்ணன்.

சார் என்னை உற்றுப் பார்த்தார். "இவரு என் காலப் புடிச்சவரு. என்னெ கூப்புட்டவரு கீழ இருக்காரு."

இப்போதும் பிரான்சிலிருந்து அவ்வப்போது போன் செய்கிறார். "அந்தத் தம்பி மேல வந்துட்டாரா?"

நான்தான் சார் பேசுறேன் என்பேன்.

"உங்களக் கேக்கலீங்க" என்பார்.