நாலாவது ஸ்லைடு

எனக்கு வாய் திக்கும். எல்லா எழுத்திலும் இல்லை. க, த, ப என்று அடைத்துத் திறக்க வேண்டிய எழுத்துகளில்தான் வண்டி நின்றுவிடும். தனியாக இருந்தால் திக்கவே திக்காது. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே ஊர் உலகத்தை எல்லாம் ஒரு பிடி பிடிப்பேன். எதிரில் ஒரு முகம் வந்தால் போதும், தொண்டையில் தாழ்ப்பாள் விழுந்துவிடும்.

அதனால்தான் லிஃப்ட் மெக்கானிக் ஆனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், பேச ஆள் கிடையாது. மோட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருடமாக இந்த வேலையில் நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

திக்குவது பழகிவிட்டது. பழகாதது, நான் ஆரம்பித்ததை மற்றவர்கள் முடித்து வைப்பது. நான் ‘க’ என்று வாயைத் திறந்தால், “கரண்டா? கதவா? காபியா?” என்று ஏலம் விடுவார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபம் வந்தால் இன்னும் அதிகமாகத் திக்கும். ஆகவே திட்டவும் முடியாமல் நிற்பேன்.

இந்த ஏலத்தில் முதல் ஆள் பாய். எங்கள் சின்னக் கம்பெனியில் வாடிக்கையாளர்களோடு பேசுவது அவர் வேலை. என்னைவிட இரண்டு வயது இளையவர். புதுச்சேரிக்குள் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். கல்லையும் பேசிக் கரைத்துவிடுவார். நான் சிரமப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் என் வாக்கியங்களை எல்லாம் அவரே முடித்துவிடுவார். நல்ல மனதோடு செய்கிற தொந்தரவை என்ன செய்வது?

உப்பளம் பகுதியில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பு. கடல் காற்று நேராக வந்து அடிக்கும் இடம். மாதாந்தரச் சோதனைக்குப் போனபோது, லிஃப்ட் கயிறுகளின் மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றி மெல்ல ஓடவிட்டேன். அது இரும்பு இழைகளை முறுக்கிய கயிறு. இழை அறுந்திருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். நாலு கயிறுகளில் இரண்டில் துணி கிழிந்தே போயிற்று. கைப்பிடி அளவு சிவப்புத் துருப்பொடி உதிர்ந்தது. அன்றிலிருந்து நான் அந்தக் கட்டடத்தில் படியேறித்தான் போனேன்.

விஷயம் எளிது. லிஃப்டை உடனே நிறுத்த வேண்டும். புதுக் கயிறு வெளியூரிலிருந்து வந்து, மாட்டி, சோதித்து முடிக்க இரண்டு வாரம் ஆகும். இதைக் குடியிருப்பவர்கள் கூட்டத்தில் நேரில் விளக்கச் சொன்னார் அவர்களின் செயலாளர், வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். நான் எழுந்து நின்றேன். ‘க’ வந்தது. ‘யிறு’ வரவில்லை. செயலாளர், “என்ன, கமிஷனா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உடனே பாய் எழுந்து என்னைக் காப்பாற்றினார். “கயிறு கொஞ்சம் தேஞ்சிருக்கு சார். ஒண்ணும் பயப்பட வேணாம், பாத்துக்கலாம்.”

வாடிக்கையாளரைப் பயமுறுத்தக் கூடாது என்பது அவருடைய தொழில் பழக்கம். அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று கூட்டம் முடிந்தது. நாலாவது மாடியில் இருந்த வயதான அம்மா, எல்லோரும் ‘மதாம்’ என்று கூப்பிடுகிறவர், அந்த லிஃப்டில் ஏறிப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் போன பிறகு தனியாக இருக்கிறவர். முட்டி வலியோடு தினமும் காலையில் கீழே இறங்கி ரொட்டி வாங்கப் போவார். லிஃப்ட் நாலாவது மாடியில் போய் நிற்கும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.

மறுநாள் ஆபீசில் பாய் மேல் பாய்ந்துவிடுவது என்று போனேன். வாய் ஒத்துழைக்கவில்லை. சோதனைப் படங்கள் எடுக்க எங்களுக்குப் புதிதாக, பெரிய போன் மாதிரி ஒரு டேப் கொடுத்திருந்தார்கள். அதில் ஸ்லைடு செய்கிற செயலி இருந்தது. திறந்தேன். சிவப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, முடிந்தவரை பெரிதாக: ‘நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ சும்மா இரு.’ அதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் ஸ்லைடு அதுதான்.

பாய் அதைப் படித்தார். டேப்பைக் கையில் வாங்கி இன்னொரு தடவை படித்தார். பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம் போடச் சொல்வதாகவும், நானே வந்து சொல்ல வேண்டும் என்றும் மெதுவாகச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க டேப்பும் கையுமாக இருந்தேன். மோட்டார் அறையில் கயிற்றுக்குப் பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தேன். அப்போதுதான் அறுந்த இழைகள் முள் முள்ளாகத் தெரிந்தன. கதிர்காமத்தில் ஒரு கிளினிக்கின் லிஃப்டில் இருந்த நல்ல கயிற்றையும், பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகப் படம் எடுத்தேன். விரலால் அம்புக்குறி வரைந்தால் அது மிளகாய் மாதிரி வளைந்து வந்தது. ஏழு தடவை அழித்து வரைந்தேன். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்குவது, ஓரத்தை வெட்டுவது, ஒரு ஸ்லைடை அழுத்திப் பிடித்து மேலே கொண்டு போவது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பிடிபடப் பிடிபட ஒரு சந்தோஷம். நினைத்ததை யாரும் குறுக்கே புகாமல் அடுக்கி வைக்க முடிகிற ஓர் இடம் எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் கிடைத்தது.

சந்தோஷத்தில் அளவு மீறிவிட்டேன். பேச வேண்டியதை எல்லாம் எழுதியே வைத்துவிட்டால் வாயைத் திறக்க வேண்டாமே என்று இருபத்திரண்டு ஸ்லைடுகள். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. முதலியார்பேட்டை வீட்டில் மனைவியிடம் காட்டினேன். மூன்றாவது ஸ்லைடிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

“இத்த படிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த லிஃப்ட்டு அறுந்தே போயிடும். படத்த மட்டும் வை. பேச்சு நீ பேசு.”

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. ஒரு கூட்டத்தில் தப்பாக முடிக்கப்பட்ட வாக்கியத்தை என் வாயால்தான் திருத்த வேண்டும் என்று எனக்கும் உள்ளுக்குள் இருந்தது. எழுத்தை எல்லாம் அழித்தேன். ஒன்பது படங்கள் மிஞ்சின. நாலாவது, உப்பளம் கயிறு. அதன்மேல் ஒரு சொல்கூட இல்லை. பாய்க்குச் செய்த சிவப்பு ஸ்லைடு கீழே தள்ளித் தள்ளிக் கடைசியில் போய் நின்றது. அப்புறம் அழித்துக்கொள்ளலாம் என்று விட்டேன், மறந்தும் போனேன்.

சனிக்கிழமை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்று ஒத்திகை. செயலியிலேயே ஒத்திகைக்கு ஒரு பொத்தான் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் பேசினேன் என்று எண்ணிக்கொண்டே வந்தது. ஆறு நிமிடத்தில் அருவி மாதிரி பேசி முடித்தேன். ஒன்பதாவது படத்தோடு நிறுத்தியதும் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு கேள்வி வந்தது. சரி என்று அமுக்கினேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். யாரோ வீட்டு டிவியை இறக்கி ஸ்டூலில் வைத்திருந்தார்கள். பாய் டேப்பை அதோடு இணைத்துக் கையில் வைத்துக்கொண்டார். முதல் ஸ்லைடுக்கு வணக்கம் சொல்லி ஆரம்பித்தேன். இரண்டாவதில் இரண்டு சொல் பேசுவதற்குள் மூன்றாவது வந்துவிட்டது. பாய் அவசரப்படுகிறார் என்று முறைத்தேன். அவர் தன் கை டேப்பில் படவில்லை என்று விரல்களை விரித்துக் காட்டினார்.

அப்போதுதான் புரிந்தது. நான் சரி என்று அமுக்கியதால், மொட்டைமாடியில் பேசியவனின் வேகத்தை அது மனப்பாடம் செய்து வைத்திருந்தது. ஸ்லைடுகள் தானாக நகர்ந்தன. அவை அவனுக்காகச் செய்யப்பட்டவை. கீழே நின்றுகொண்டிருந்தவன் வேறு ஆள்.

நாலாவது ஸ்லைடு வந்தது. முள் முள்ளாக இழைகள். “க” என்றேன். தாழ்ப்பாள் விழுந்தது. படம் ஐந்துக்குப் போனது.

பாய் விரலால் அதைப் பின்னுக்கு இழுத்தார். மறுபடி நாலு. மறுபடி நான் “க” என்றேன். இருபது விநாடி, மறுபடி ஐந்து. மறுபடி இழுத்தார். என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் திரை காற்றில் பறக்கும்போது இழுத்து விடுவோமே, அதே மாதிரி, அதில் பேச எதுவும் இல்லை என்பது போல. அவர் உதடுகள் மட்டும் இறுக மூடியிருந்தன. அந்த ஒரு சொல் அவர் நாக்கு நுனியில் இருந்தது எனக்குத் தெரியும்.

செயலாளர் பொறுமை இழந்து, “கட்டணத்த ஏத்தணும், அதான?” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பாய் நிமிர்ந்தார். போச்சு, பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பேசவில்லை. டேப்பை இணைக்கும்போதே பார்த்திருப்பார்போல, விரலால் மளமளவென்று தள்ளிக் கடைசி ஸ்லைடுக்குப் போனார். டிவி முழுக்கச் சிவப்பு. ‘நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ சும்மா இரு.’

அந்த ‘நீ’ என்கிற சொல்லைப் படித்துவிட்டு செயலாளர் கண்ணாடியைச் சரிசெய்தார். எனக்குக் காது சூடேறியது. முன்வரிசையில் இருந்த மதாம்தான் முதலில் குலுங்கிச் சிரித்தார். கைத்தடியைத் தரையில் தட்டி, “சொல்லுங்க மொசியே, நாங்க சும்மா இருக்கோம்” என்றார்.

பாய் நாலாவது ஸ்லைடை இழுத்து வைத்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அது எத்தனை முறை நழுவியது, எத்தனை முறை அவர் இழுத்தார் என்றும் தெரியாது. யாரும் ஏலம் விடவில்லை. “கயிறு தாங்காது. இன்னிக்கே நிறுத்தணும்” என்று முழுதாகச் சொன்னேன். ஆறு நிமிடப் பேச்சு முக்கால் மணி நேரம் ஆனது. மதாம் ஒன்றே ஒன்று கேட்டார்: நான் அந்த லிஃப்டில் ஏறுவேனா என்று. ஏறுவதில்லை, இரண்டு வாரமாகப் படியில்தான் போகிறேன் என்று சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். கேட்டதும் எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேற ஆரம்பித்தார். ஒவ்வொரு படியிலும் அவர் கைத்தடிச் சத்தம் கீழே கேட்டது. அதற்குமேல் ஓட்டெடுப்பு தேவைப்படவில்லை. செயலாளரே வந்து மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். லிஃப்ட் ஓடாத நாட்களில் மதாமுக்குத் தினமும் ரொட்டி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பின்னால் அந்தக் கயிறுகளைக் கழற்றியபோது உள்பக்கம் படத்தில் தெரிந்ததைவிட மோசமாக இருந்தது. அந்த மனிதர்கள் உட்கார்ந்து கேட்டார்களே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அன்று வெளியே வந்ததும் பாய் வண்டியைக் கிளப்பினார். பின்னால் ஏறப்போன நான் நின்றுவிட்டேன். ஒரு தேங்க்ஸ் சொல்ல வேண்டும். ‘தே’ என்று ஆரம்பித்தேன். நின்றுவிட்டது. இந்தச் சொல்லை உலகத்தில் யாராலும் ஊகிக்க முடியும். “பரவால்லண்ணா, ஏறுங்க” என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது.

பாய் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்லி முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.