மரியதாஸ் அண்ணனும் நாலாம் வருஷமும்

செவ்வாய்க்கிழமை காலை கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. மரியதாஸ் அண்ணனின் மகள் ஜெனிற்றா அனுப்பியிருந்தாள். "அப்பா இண்டைக்கு விடியப்புறம் மோசம் போயிட்டார் அக்கா." கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டாம் முறை படித்தேன். அவர்கள் பேச்சில் அது மரணச் செய்தி. பிறகு மீதிப் பனியையும் சுரண்டிவிட்டு வேலைக்குப் போனேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தேவாலயத்தில் பழக்கம். எனக்கு வேலையிடத்தில். நான் பொறியாளர், அவர் ஸ்டோர் பொறுப்பாளர். நான் திருச்சி, அவர் மன்னார். மதியச் சாப்பாட்டு மேசையில் அவருடைய மீன்குழம்பு மணத்துக்குப் பயந்து மற்றவர்கள் தள்ளி உட்கார்வார்கள். நான் மட்டும் எதிரில் உட்காருவேன். தமிழ் பேசுகிற ஆசைதான்.

எந்தப் பெற்றோரைப் பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான். என்னிடமும் கேட்டார்.

"தங்கச்சி, பிள்ளை இப்ப செகண்டரி எத்தினை?"

"நாலு அண்ணா. அடுத்த வருஷம்தானே ஸ்கூல் முடியுது."

"நாலுதான் வருஷம். அஞ்சாம் வருஷ மார்க்ஸ் முழுசா வாறதுக்கு முதலே சீஜெப்காரர் முடிவெடுத்துப் போடுவாங்கள்."

இங்கே ஐந்தாம் வருஷத்தோடு பள்ளி முடிந்ததும், பல்கலைக்கழகத்துக்கு முன்னால் படிக்க வேண்டிய கல்லூரிதான் சீஜெப். கடைசி வருஷத்தின் நடுவிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் கையில் அப்போது முழுதாக இருப்பது நாலாம் வருஷ மதிப்பெண்தான். இது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். பிளஸ் ஒன்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அதே கணக்கை இங்கேயும் போட்டேன். நாலாவதிலேயே என் மகள் அனன்யாவுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றத்தை முடித்துவிட்டால் கடைசி வருஷம் நிம்மதியாகப் படிப்பாள் என்று மே மாதத்தில் நாள் குறித்தேன். மண்டபம் பிடித்தாயிற்று, திருச்சியிலிருந்து உறவுக்காரர்களும் டிக்கெட் எடுத்தாயிற்று.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "நானும் உப்பிடித்தான் பிழை விட்டனான். ஜெனிற்றாவை நாலாம் வருஷம் ஓகஸ்டில மடு மாதா திருவிழாவுக்கு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், பள்ளிக்கூடம் துவங்கியும் ஒக்டோபர் மட்டும் அங்கையே நிண்டிட்டன். பிள்ளைக்கு சயன்ஸ் கிடைக்கேல்லை. பிழை பிள்ளையில இல்லை, என்னில."

முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு ஸ்டோர்காரர் பாடம் எடுப்பதா என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது அதுதான்.

அரங்கேற்றம் அமர்க்களமாக நடந்தது. நாலாம் வருஷக் கணக்கு, அறிவியல் மதிப்பெண்கள் அறுபதுகளுக்கு இறங்கின. மறு வருஷம் அனன்யா விழுந்து விழுந்து படித்தாள். இருந்தும் ஏப்ரலில் சயன்ஸ் இல்லை என்று பதில் வந்தது. கோயிலில் கேட்டவர்களிடமெல்லாம், "அவளுக்குப் பொறுப்பே இல்லைங்க," என்றேன். அனன்யா பக்கத்தில்தான் பிரசாதத் தட்டோடு நின்றாள்.

அதையே சாப்பாட்டு மேசையிலும் சொன்னபோது அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பிள்ளையைச் சொல்லாதேங்கோ. அரங்கேற்றத்துக்கு நாள் குறிச்சது ஆர்?"

சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துபோனேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் என் மேசைக்கே வந்து ஒரு ஸ்டோர் சீட்டை வைத்தார். அதன் பின்பக்கத்தில், இரண்டாம் சுற்றில் இடமுள்ள கல்லூரிகளை எழுதியிருந்தார். "ஒரு வருஷம் பிந்தும். வாழ்க்கை பிந்தாது," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சீட்டில் மூன்றாவதாக இருந்த கல்லூரியில் வேறு பாடத்தில் சேர்ந்து, ஒரு வருஷம் கழித்து அனன்யா சயன்ஸுக்கு மாறினாள். இப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் மண்ணைப் பற்றிப் படிக்கிறாள்.

வியாழக்கிழமை அவர் உடலைப் பார்க்கப் போனேன். ஜெனிற்றா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மடுக் கதை உங்களுக்கும் சொன்னவரோ அக்கா?"

"சொன்னாரும்மா. பாவம், கடைசிவரைக்கும் வருத்தப்பட்டார்."

"நாங்கள் ஓகஸ்ட் முடிய முதலே திரும்பி வந்திட்டம். நான்தான் அந்த வருஷம் வகுப்புக்குப் போகாமல் மெட்ரோவில சுத்தித் திரிஞ்சனான். அப்பாவுக்குத் தெரியும். ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை."

அவ்வளவு பேர் நடுவில் நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். செய்யாத தப்பை ஊரறியச் சுமந்தவர் எதிரில்தான், நான் செய்த தப்பை என் மகள் தலையில் கட்டிவிட்டுச் சோறு தின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அனன்யாவிடம் சொன்னேன். "உன் மேல தப்பில்லைடி. தேதி குறிச்சது நான்."

அவள் கேட்டாள். "கோயில்ல சொல்வியாம்மா?"

அந்த ஸ்டோர் சீட்டு இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. அண்ணன் என்னிடம் விட்டுப்போனது அதுவும், பதில் சொல்லாமல் நான் எழுந்துபோன 'நாள் குறிச்சது ஆர்?' என்ற கேள்வியும்தான். கோயிலில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் போதாது. அதனால் இங்கேயே, எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தது நான். பிழை பிள்ளையில் இல்லை.