ஓரகத்தியின் கரண்ட் டப்பா

போன வருஷம் ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின மாதம் நடந்தது இது. ஆரணியில் எங்கள் வீட்டில், காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி இரண்டு. ஒன்றில் நான், பக்கத்துத் தறியில் என் ஓரகத்தி. மிதி மிதித்து மிதித்து இரண்டு பேருக்கும் இடுப்பு போய்விட்டது.

அவளை மட்டும் கொழுந்தனார் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கைக்குள் அடங்குகிற ஒரு கரண்ட் டப்பாவோடு வந்தாள். அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் ஒட்டுகிற பட்டை. இடுப்பில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்குமாம்.

"வலி நரம்பு வழியா மூளைக்குப் போவுதாம்க்கா. இந்தக் குறுகுறுப்பு முந்திகினு போயி வழிய அடைச்சிக்குதாம். வலி வெளியவே நின்னுடுது."

எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டுக்காரர் எனக்கு வாங்கித் தந்தது தைலம்.

"நீயும் ஒட்டிப் பாரேன்க்கா" என்றாள்.

"எனக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன்" என்று சொல்லிவிட்டேன்.

தறியில் உட்காரும்போதே அதை ஒட்டிக்கொண்டாள். நான் வலி தாங்காமல் குழியை விட்டு எழுந்து எழுந்து நடப்பேன். அவள் எழவே மாட்டாள். ஊடு நூலை இழுத்துக்கொண்டு அவள் நாடா ஓடுகிற சத்தம் நிற்காது. எப்போதும் எனக்கு வருகிற கல்யாணப் புடவையை, எங்களுக்கு நூல் கொடுக்கிற முதலாளி அந்த முறை அவளுக்கு நெய்யக் கொடுத்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

புடவை முந்தானைக்கு வந்த சமயம், ஒரு மதியம், "அக்கா, கால் வரலக்கா" என்றாள். குரல் சரியில்லை. அக்குளில் கைகொடுத்துத்தான் குழியிலிருந்து தூக்கினோம்.

"படுத்துகிட்டு வைக்கச் சொன்னா, வச்சிகிட்டு நெய்வீங்களா? வலியத்தாம்மா இது மறைக்கும். உள்ள இருக்கிற கோளாறு அப்படியேதான் இருக்கும்" என்று வேலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சத்தம் போட்டார்.

வீட்டில் படுக்கவைத்து நான்தான் பட்டை ஒட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ எழுந்து நடக்கிறப்ப எனக்குப் பொறாமையா இருக்கும்க்கா. எனக்கு எப்ப எழுந்திரிக்கணும்னே தெரியல."

நான் பொத்தானை அழுத்தினேன்.

முந்தானையை நான் நெய்து முடித்தேன். முதலாளி தடவிப் பார்த்து, "கை மாறிகீது" என்றார். எந்தக் கை நல்ல கை என்று கேட்க வாய் வரை வந்தது.

அவளுக்குக் கால் சரியாகிவிட்டது. டப்பா இப்போது இரண்டு பேருக்கும் பொது. படுத்துக்கொண்டுதான் வைக்கிறோம். அவள் நாடா வேகமாக ஓடினால் எனக்கு இன்றைக்கும் எரியும். ஆனால் என் இடுப்பு சுருக்கென்றால், அவளையும் குழியிலிருந்து எழுப்பிவிட்டுத்தான் நான் நடக்கிறேன்.